ஆறாம் பேனலில் இரண்டு மோதிரங்கள்

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் அன்பழகனின் பட்டறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பேனலுக்குள்ளும் ரமீஜாவின் கை இருந்தது. பேனல் என்பது ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே இயந்திரங்களை ஓட்டும் சின்னக் கணினி, மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேக்கள், முந்நூறு நானூறு ஒயர்கள். வேறு ஆள் ஒயர் போட்ட பேனலைத் திறந்தால் ஏதாவது ஒன்று முகத்துக்கு நேரே வந்து தொங்கும். ரமீஜா போட்டதில் ஒரு ஒயர்கூட வரிசையை விட்டு விலகியிருக்காது.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கோப்பார். அதில் எழுத்தும் எண்ணும் அச்சாகியிருக்கும். தொழிலில் அதற்கு ஃபெரூல் என்று பெயர். ரமீஜாவுக்கு அது மோதிரம்.

"மோதிரம் இல்லாத ஒயரு ஊரு பேரு தெரியாத ஆளு மாதிரி. உள்ள உடக்கூடாது" என்பார்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மின்சாரமோ செய்தியோ எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த முனைக்கு 'ஏ' போட்ட மோதிரம். எந்தப் பக்கம் போகிறதோ அந்த முனைக்கு 'டி'. ஏ என்றால் பிரெஞ்சில் அரிவே, வருகை. டி என்றால் தெப்பார், புறப்பாடு. அன்பழகனின் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த எழுத்துகள் இவை. கொடி மாறி ஐம்பது வருஷமாகியும் பட்டறையை விட்டுப் போகவில்லை. புதுச்சேரியில் வேறு எந்தப் பட்டறையும் இப்படிப் போடுவதில்லை.

ரமீஜாவின் வீடு முல்லா வீதியில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1996இல் பட்டறைக்கு வந்தபோது ரமீஜாவுக்கு இருபத்தைந்து வயது. பேனல் வேலைக்குப் பெண்ணா என்று கேட்டவர்கள் ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். 2002இல் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கால்நடைத் தீவன ஆலை வந்தது. அதற்கான ஒன்பது பேனல்களும் ரமீஜா ஒயர் போட்டவை. பராமரிப்பும் அவரிடமே வந்தது. ஆலை அவருக்குப் படம் ஒட்டிய நிரந்தர கேட் பாஸ் கொடுத்தது. வெளி ஆட்களில் அது இருந்தது அவர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி, பையைத் திறந்து காட்டி, உள்ளே யாராவது வந்து அழைத்துப்போகும் வரை நிற்க வேண்டும். ரமீஜாவைக் கண்டால் வாட்ச்மேன் காத்தவராயன் கேட்டைத் திறந்துவிட்டு, "ஆலைக்கி டாக்டரு வந்தாச்சி" என்று சத்தம் போடுவார். அந்த அட்டையை ரமீஜா வீட்டில் பீரோவுக்குள் நகையோடு வைத்திருந்தார்.

வெற்றிச்செல்வன் 2004இல் அந்த ஆலையில் கருவிப் பிரிவு பொறியாளராகச் சேர்ந்தார். விவசாயக் குடும்பம், இருபத்து நான்கு வயது, முதலியார்பேட்டையில் வாடகை அறை. வந்த வாரமே ஒரு பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இந்த ஏ, டி ரெண்டுக்கும் இன்னா அர்த்தம்?"

ரமீஜா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். முகத்தை ரொம்பப் பெரிய விஷயம் சொல்வதுபோல வைத்துக்கொண்டார். "ஏ-ன்னா ஆலை. டி-ன்னா டவுனு. ஆலைப் பக்கம் போற முனைக்கு ஏ, டவுன் பக்கம் போற முனைக்கு டி. இத்தக்கூடவா தம்பி காலேஜ்ல சொல்லித்தரல?"

வெற்றிச்செல்வன் பாக்கெட் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ரமீஜா பஸ்ஸில் வீடு போகும்வரை சிரித்துக்கொண்டே போனார். அடுத்த முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அடுத்த முறை வேறு பேச்சு வந்தது. அப்புறம் மறந்தே போனது.

நான்கு வருஷத்தில் அக்கா, தம்பி என்பது வெறும் கூப்பிடு சொல்லாக இல்லை. பக்ரீத் அன்று முல்லா வீதி வீட்டில் வெற்றிச்செல்வனுக்கென்று ஒரு தட்டு இருக்கும். ரமீஜாவின் கணவர் அப்துல் கையூம் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தவர் வெற்றிச்செல்வன்.

2008 ஆகஸ்டில் ஆலையின் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒன்பது பேனல்களுக்குள்ளும் ஒரு ஃபயர்வால் பெட்டி பொருத்த வேண்டும்.

பெட்டி உள்ளங்கை அகலம்தான். அலுவலகக் கணினிகளிலிருந்து வரும் கேபிள் அதன் ஒரு துளையில் நுழையும். அடுத்த துளையிலிருந்து புறப்படும் கேபிள் இயந்திரத்தின் கணினிக்குப் போகும். நடுவில் பெட்டி காவல் நிற்கும். பட்டியலில் பெயர் உள்ள செய்தியை மட்டும் உள்ளே விடும், மற்றதைத் திருப்பி அனுப்பும். அந்தப் பட்டியல் சென்னையின் கையில். அவர்கள் சேர்த்தால்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆலை நிற்கும். மூன்று ஞாயிறு, ஒரு நாளைக்கு மூன்று பேனல். ஒவ்வொன்றிலும் இடம் தேட வேண்டியிருந்தது. புதிதாகத் துளை போட ரமீஜா ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புத் தூள் ரிலேக்குள் போய் உட்கார்ந்தால் ஆறு மாதம் கழித்து உயிரை வாங்கும். கருவிகளை மாட்டியிருந்த இரும்புச் சட்டத்திலேயே மற்றவற்றை நெருக்கித் தள்ளி, பெட்டியை மாட்டி, அதற்குத் தனி ஃபியூஸோடு இருபத்து நாலு வோல்ட் இழுத்தார். பழைய கேபிளை வெட்டி, இரண்டாக்கி, மோதிரம் கோத்து, முனையில் பிளக் அடித்தார். அலுவலகத்திலிருந்து வரும் முனைக்கு ஏ, இயந்திரத்துக்குப் போகும் முனைக்கு டி. வெற்றிச்செல்வன் டார்ச் பிடித்தார்.

"அக்கா, பேனலுக்கே கேட் பாஸ் போட்டுட்டாங்க."

"போடட்டும்பா. நல்லதுதான். கண்டவன் வந்து கைவெக்க முடியாது."

அந்தக் காவலில் முதலில் மாட்டியது வெற்றிச்செல்வன்தான். தவிடு எவ்வளவு, மக்காச்சோளம் எவ்வளவு என்ற கலவைக் கணக்கெல்லாம் அதுவரை அவர் மேஜைக் கணினியிலேயே தெரியும். இப்போது தெரியவில்லை. மணிக்கொரு தரம் தவிட்டுத் தூசியில் நடந்துபோய்க் கட்டுப்பாட்டு அறையில் பார்க்க வேண்டும். தன் கணினியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி சென்னைக்கு மூன்று முறை எழுதினார். பதில் இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் கேட்டார். "அக்கா, ஒங்க மோதிரம் கொஞ்சம் குடுங்க. ஏ-ல நாலு, டி-ல நாலு."

"இன்னாத்துக்கு? யாருக்காவது நிச்சயமா?"

"என் டேபிளாண்ட ஒரே ஒயரா கெடக்குது. ஒங்கள மாதிரி மார்க் போட்டு வெச்சிக்கலாம்னு."

ரமீஜாவுக்குப் பெருமையாக இருந்தது. எண்ணாமல் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்.

2009 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை காலை. அலுவலகக் கணினிகளில் தொற்றிய வைரஸ் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்துவிட்டது. திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. கலவை பாதியில் நின்றது. ஒன்றரை நாள் ஆலை ஓடவில்லை. ஃபயர்வாலைத் தாண்டி எப்படி வந்தது என்று சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேனலையும் குடைந்தார்கள். ஆறாம் பேனலில் ஒயர் போகும் பள்ளத்துக்குள், மற்ற ஒயர்களுக்கு அடியில், ஒரு நீல கேபிள் கிடைத்தது. பெட்டியைத் தொடாமலேயே அலுவலகப் பக்கத்தையும் இயந்திரப் பக்கத்தையும் நேராக இணைத்திருந்தது. இரண்டு முனையிலும் மஞ்சள் மோதிரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அன்பழகனையும் ரமீஜாவையும் மேலாளர் ராமலிங்கம் வரச் சொன்னார். அவர் அறையில் வெற்றிச்செல்வன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் இரண்டு கோப்புகள். ஒன்று விசாரணை அறிக்கை. மற்றொன்று புதிதாகக் கட்டும் பிரிவுக்கான பன்னிரண்டு பேனல்களின் ஆர்டர், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"இந்த ஏ, டி மார்க்கு ஒங்க பட்டறை மட்டுந்தான போடுது?" என்றார் ராமலிங்கம்.

"ஆமா சார்" என்றார் அன்பழகன்.

"அப்பறம் நான் இன்னா கேக்கறது?"

ரமீஜா பேனலைப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு பேரும் போனார்கள். அவர் பள்ளத்தின் மூடியை எடுத்து நீல கேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். இயந்திரப் பக்கத்து முனையில் நின்றார். அங்கே ஏ இருந்தது. அலுவலகப் பக்கத்தில் டி. தலைகீழ்.

பதின்மூன்று வருஷத்தில் ரமீஜா ஏ-வையும் டி-யையும் மாற்றிப் போட்டதில்லை. வேறு யாராவது சும்மா போட்டிருந்தால் தவறாகப் போட்டிருக்கலாம். ஆனால் இது தவறாகப் போட்டது இல்லை. இயந்திரம் இருக்கும் ஆலைப் பக்கம் ஏ, வெளியே அலுவலகம் இருக்கும் டவுன் பக்கம் டி. யாரோ அர்த்தம் தெரிந்து, கவனமாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அர்த்தம் உலகத்தில் ஒரே ஒரு நோட்டில்தான் எழுதியிருந்தது.

மூடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சார், இது நான் போட்டதில்ல."

"மோதிரம் ஒங்களுதுதானம்மா?"

"மோதிரம் என்னுது. வெரலு வேற." வெற்றிச்செல்வனைப் பார்த்தார். "தம்பி, நீயே சொல்லு. ஏ-ன்னா இன்னா?"

வெற்றிச்செல்வன் யோசிக்கவே இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். "ஆலை. டி-ன்னா டவுன். நீங்கதானக்கா சொல்லிக்குடுத்தீங்க."

"கேட்டுக்கினீங்களா சார்? என் மார்க்குல ஏ-ன்னா வர்ற பக்கம். ஆலைன்னு ஒரு நாளு இவருகிட்ட வெளையாட்டுக்குச் சொன்னேன். இவரு ஒருத்தருகிட்டதான் சொன்னேன். இந்தக் கேபிள்ல ஆலைன்னுதான் போட்டிருக்கு. மத்த எட்டு பேனலையும் தொறந்து பாருங்க, ஒண்ணாவது இப்பிடி இருக்குதான்னு." ரமீஜா அன்பழகன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. ஒங்கப்பா போட்ட மார்க்கு. ஏ-ன்னா இன்னா?"

அன்பழகனுக்கு அது கேள்வியே இல்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கேட்ட வார்த்தை. அவர் ராமலிங்கத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"அது... ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி போடறதுதான் சார். அவசரத்துல மாறியிருக்கும். தப்பு எங்க பக்கந்தான். இனிமே வேற ஆள அனுப்பறேன்."

"அண்ணே!"

"உடும்மா. பெருசு பண்ணாத."

ராமலிங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. தன் ஆலைப் பொறியாளர் செய்தது என்று சென்னைக்கு எழுதுவதைவிட வெளி ஆள் கவனக்குறைவு என்று எழுதுவது அவருக்கு எளிது. அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். ரமீஜா பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதினார்: 'ஏ என்றால் அரிவே. இந்தக் கேபிள் என்னுடையது அல்ல.'

"இது இன்னாம்மா?"

"மோதிரம் சார். ஊரு பேரு தெரியணுமில்ல."

வெற்றிச்செல்வன் கேட் வரை பின்னாலேயே வந்தார். "அக்கா, சத்தியமா ஒங்கள மாட்டிவுடணும்னு பண்ணல. சும்மா ஒரு கேபிள் கெடந்தா நீங்க தொறந்ததும் கண்டுபுடிச்சிடுவீங்க. அதனாலதான் மோதிரம்..."

ரமீஜா நின்றார். "அப்ப எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எங்கிட்டயே மோதிரம் வாங்கிக்கினு போன?"

"வீட்ல பொண்ணு பாத்துட்டாங்கக்கா. இந்த நேரத்துல வேல போச்சின்னா..."

"எனக்குப் போனது இன்னாபா? வெறும் பொழுதா?"

ரமீஜா கேட் பாஸைக் கழற்றிக் காத்தவராயனிடம் கொடுத்தார். காத்தவராயன் அதை வாங்கி, மேஜை டிராயரில் தலைகுப்புற வைத்தார்.

பட்டறையிலேயே இரு, ஆலைப் பக்கம் போக வேண்டாம், கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று அன்பழகன் ஆள் அனுப்பிச் சொன்னார். திங்கட்கிழமை ரமீஜா போனார். தன் சொந்தக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, மோதிரப் பெட்டியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

"அன்பழகன்கிட்ட ஒண்ணும் கேக்கலியா?" என்றார் அப்துல் கையூம்.

"அன்னிக்கே கேட்டேனே. ஒரு வார்த்தைதான் கேட்டேன்."

இப்போது ரமீஜா வில்லியனூர் பக்கம் இன்னொரு பேனல் கம்பெனியில் இருக்கிறார். அங்கே மோதிரத்தில் எண் மட்டும்தான் போடுகிறார்கள். அவரும் எண் மட்டும்தான் போடுகிறார். யாராவது விளையாட்டாக எதையாவது கேட்டால் பதில் சொல்வதில்லை.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் காத்தவராயனைப் பார்த்தார். புதுப் பிரிவு ஓட ஆரம்பித்துவிட்டதாம். பன்னிரண்டு பேனலும் அன்பழகன் பட்டறையிலிருந்து வந்தவை. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருக்கிறார்களாம்: ஏ என்றால் ஆலை, டி என்றால் டவுன். கீழே வெற்றிச்செல்வன் கையெழுத்து, பக்கத்தில் அன்பழகன் கையெழுத்து.

"பன்னெண்டுலயும் அப்பிடியேவா போட்டிருக்காங்க?" என்றார் ரமீஜா.

"அப்பிடித்தான் சொல்லிக்கிறாங்க. பழைய ஒம்போது மட்டும் நீங்க போட்டதுதான்."

"அப்ப பழசும் புதுசும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருக்கும். ரெண்டையும் சேத்து ஒயரு இழுக்குற அன்னிக்குக் கொழம்பிப் போவாங்க."

"ஒங்களத்தான் கூப்புடுவாங்க, பாருங்க. போவீங்களா?"

ரமீஜா கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாஸு இல்லாம கேட்ல நீ உடமாட்டியே."