டீ சிந்தாத படகு

சனிக்கிழமை காலை பத்து நாற்பது. என் மகள் ஷைனி கடலில் இருந்தாள். நான் படகில் இருந்தேன். படகு ஓட்டத் தெரிந்தவள் அவள்தான்!

நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை... நானே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஷைனிக்கு இருபத்தாறு வயது. வார நாட்களில் மணலியில் இன்ஜினீயர். ஞாயிறு பூசை முடிந்தால் கடல். படகு ரேஸில் ஓட்ட, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்பீட் போட் வாங்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வேளை பட்டினியும் கிடந்து பார்த்தேன். கடைசியில், "சரி, ஆனா படகை நான்தான் செலக்ட் பண்ணுவேன்" என்று இறங்கி வந்தேன்.

ராயபுரத்துக்காரிக்குப் படகு தெரியாதா என்ன? அப்பா துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டியவர். புது லாஞ்ச் வந்தால் ஒரு கிளாஸ் நிறைய டீ ஊற்றி சீட்டில் வைப்பார். சிந்தாவிட்டால் நல்ல படகு. அவ்வளவுதான் டெஸ்ட்.

காசிமேட்டில் இரண்டு படகுகள் காத்திருந்தன. சிவப்பு — அடிப்பாகம் தாம்பாளம் மாதிரி தட்டை. வெள்ளை — அடிப்பாகம் கத்தி போல இறங்கி, 'வி' வடிவம். ஃப்ளாஸ்கைத் திறந்தேன். சிவப்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை. வெள்ளையில் கால் வைத்ததுமே ஆட்டம். பாதி டீ என் சேலையில்.

"மம்மி, நிக்கும்போது வி ஆடத்தான் செய்யும். ஓடும்போது அதுதான் அலையை வெட்டிக்கிட்டுப் போகும். தட்டை, அலை மேல போய் அறையும்."

"உன் படிப்பை ஆபீஸ்ல வெச்சுக்கோ."

பக்கத்தில் நின்ற மைக்கேல், எங்கள் தெரு போட் மெக்கானிக், வாயைத் திறந்தான். "அக்கா, அது ஏரிக்கு கரீட்டு. கடலு வேற மாரிக்கா."

"எங்கப்பா எத்தனை லாஞ்ச் பாத்தவரு தெரியுமாடா?"

"அவரு ஹார்பருக்குள்ள ஓட்னாருக்கா. அங்க இன்னா அலை கீது?"

நான் காதில் வாங்கவில்லை. சரி, சிவப்பையே ஓட்டிக் காட்டுகிறேன் என்றாள் ஷைனி. நானும் ஏறிக்கொண்டேன், ஃப்ளாஸ்கோடு. விற்பவர் கரையிலேயே போனில் மூழ்கிவிட்டார். மைக்கேல் மட்டும், "எதுக்கும் என் ஃபைபர் போட்ல பின்னாடியே வந்துகினு கீறேன்" என்றான்.

ஷைனி இன்ஜின் சுவிட்சிலிருந்து ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை இழுத்துத் தன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டினாள்.

"என்னடி இது, ஆட்டுக்குட்டியைக் கட்டுற மாதிரி? கழட்டு, போட்டோ எடுக்கணும்."

அவள் கழற்றவில்லை. என் பேச்சைக் கேட்காத அந்த ஒரு தடவைக்காக இப்போது தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

துறைமுக வாயைத் தாண்டியதும் தட்டைப் படகு தன் வேலையைக் காட்டியது. டம்... டம்... டம்! ஒவ்வொரு அலையும் சிமென்ட் தரை. நாலாவதோ ஐந்தாவதோ மோதலில் படகு ஒருபக்கமாகத் துள்ள — ஷைனி வெளியே!

அந்த நொடியே இன்ஜின் அடங்கியது. அவள் விழுந்த வேகத்தில் கயிறு சுவிட்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அது கழன்றால் இன்ஜின் தானாக நின்றுவிடுமாம். இல்லையென்றால்? ஓட்ட ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி, அவள் மேலேயே... வேண்டாம், எழுத முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீடு, பள்ளிக்கூடம், மாப்பிள்ளை — எதையுமே நிற்கும்போது பார்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்? ஆடாமல் நின்றால் பத்திரம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஓடும்போது எப்படி என்று யார் கேட்கிறோம்? (வெள்ளைப் படகுக்கு நேற்று நானே தலையாட்டிவிட்டேன். சுருள் கயிறு மட்டும் இரண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.)

ஆனால் அன்று காலை எனக்குத் தத்துவம் எதுவும் வரவில்லை. காற்று படகைத் தள்ளிக்கொண்டே போனது. ஆரஞ்சு ஜாக்கெட்டுக்கு மேல் ஷைனியின் தலை சின்னதாகிக்கொண்டே போனது. படகு கட்டும் கயிற்றை எடுத்து வீசினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை.

"மம்மி, உக்காரு! எழுந்து நிக்காத!" — தண்ணீரில் கிடப்பவள் எனக்குத் தைரியம் சொல்கிறாள்!

அப்புறம்தான் அந்தச் சத்தம். மைக்கேலின் ஃபைபர் போட். முதலில் அவளைத் தூக்கி ஏற்றினான். கை கால் எல்லாம் அசைக்கச் சொல்லிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, சிவப்புப் படகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் நெஞ்சோடு அணைத்திருந்த ஃப்ளாஸ்கைப் பார்த்தான்.

"இன்னாக்கா... டீ சிந்துச்சா?"