பதினோரு ரூபாயும் வெறும் பாத்திரமும்

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் வெறுமனே வெளியே போனதில்லை. பக்கத்து வீட்டு ஜானு குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் ஒரு கரண்டி சர்க்கரையாவது இருக்கும். சர்க்கரை தீர்ந்துபோன நாளில் நாலு பல் பூண்டு. பூண்டும் இல்லாத ஒரு மாசக் கடைசியில், என் மாத்திரை டப்பாவில் நான் ஒளித்து வைத்திருந்த இஞ்சி மிட்டாயில் இரண்டை எடுத்துப் போட்டு அனுப்பியவள் என் மனைவி ஆனிமேரி. மதுரைப் பக்கம் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டுதான். மற்றவர்கள் ஞாபகம் வந்தால் செய்வார்கள். இவளுக்கு இது பத்துக் கட்டளைகளோடு சேர்ந்த பதினோராவது.

என் பெயர் இன்பசேகரன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு பரவையில். ஆனிமேரி மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அலுவலக கிளார்க்காக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். அந்த இருபத்தொன்பது வருஷத்தில் பள்ளிக்கூடத்து குண்டூசி ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒருமுறை புடவையில் குத்திக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் அதைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு தடவை வாடிப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டார் என்று நேராக என் அறைக்கு வந்து, அந்த வண்டி அடுத்த டிரிப் எப்போது வரும் என்று கேட்டாள். வரிசையில் நின்ற டிரைவர்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அட்டவணையைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். அவள் முக்கால் மணி நேரம் காத்திருந்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

எங்கள் கல்யாணமே ஒரு தூக்குச்சட்டியால் நடந்ததுதான். பெண் பார்க்கப் போனபோது என் அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கில் பூந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார் அவள் அப்பா. ஒரு வாரம் கழித்துத் தூக்கு திரும்பி வந்தது. உள்ளே பன்னிரண்டு அதிரசம். என் அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். "பொண்ணு வீட்ல சம்மதம்டா" என்று சொல்லி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஏற்பாடு செய்ய அப்போதே சாமியாரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நான் ஐந்து அதிரசம் தின்றேன்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் அவளுடைய அண்ணன் டோனி உண்மையைச் சொன்னார். "மாப்ள, நாங்க வேணாம்னுதான் முடிவு பண்ணிருந்தோம். தூக்க வெறுமனே குடுக்கக் கூடாதேன்னு அதிரசம் போட்டு விட்டாங்க. ஒங்கம்மா அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாக. அப்புறம் எங்கிட்டுப் போயி இல்லங்கிறது?" கிறிஸ்துமஸ், ஈஸ்டர், காதுகுத்து என்று எந்த விருந்தானாலும் டோனி இந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் முப்பது வருஷமாக அது செருப்புக்குள் கிடக்கிற பொடிக் கல்லாக எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஆனிமேரிக்குப் பணி ஓய்வு. இருபத்தாறாம் தேதி காலையில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. கை பிசுபிசுப்பாக இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். பிறகு விரலை வைத்து ஒன்று, பத்து, நூறு என்று எண்ணிக்கொண்டே போனேன். அவள் கணக்கில் ஒரு கோடியே முப்பத்தேழு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் வந்து விழுந்திருந்தது.

"மேரி, ஒரு கோடி ரூவா வந்திருக்கு."

அவள் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். "யாரோடதுங்க?"

எந்த மனுஷியாவது இப்படிக் கேட்பாளா? ஐயோ என்று கத்தலாம். மாதாவே என்று நெஞ்சில் கை வைக்கலாம். எனக்கு அதற்குள் மனசுக்குள் மாடி கட்டி முடிந்திருந்தது. மாடிக்கு டைல்ஸ் என்ன நிறம் என்கிற யோசனையில் இருந்தேன்.

"திருப்பித்தான் குடுக்கணும், நான் இல்லங்கல. ஒரு ரெண்டு நாள் கெடக்கட்டுமே. ஒரு நாளைக்கு ஆயிரம் ரூவா வட்டி வரும்ல?" என்றேன்.

அவள் அரிவாள்மனையை மடக்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினேன்.

பேங்கில் உதவி மேலாளர் ஸ்ரீகுமார் நல்ல பிள்ளை. கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூணு சேவல் மார்க் கோழித் தீவன மில்லிலிருந்து பணம் வந்திருக்கிறது என்றார். மக்காச்சோள வியாபாரிக்குப் போக வேண்டியது, அனுப்பியவர்கள் கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டார்கள்.

"மேடம், நீங்களா யாருக்கும் அனுப்பிராதீங்க. எழுத்துல ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. முறைப்படி நாங்களே திருப்பி அனுப்பிருவோம்."

ஆனிமேரி அங்கேயே உட்கார்ந்து பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதினாள். ஸ்ரீகுமார் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றே வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அத்தனை பணமும் வந்த வழியே போய்விட்டது. என் மாடியும் போயிற்று. நான் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் ஆனிமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னங்க, அம்புட்டுப் பணம் நம்ம கணக்குல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிருக்கு. வெறுமனே அனுப்பிட்டோமே."

"அது என்ன குழம்புச் சட்டியா?"

"வந்தது எதுவா இருந்தா என்ன. வெறுமனே போகக் கூடாதுல்ல. ஒரு பதினோரு ரூவா அனுப்பி விடுங்க."

பரவை மார்க்கெட்டில் தீவனக் கடை வைத்திருக்கும் அழகுபாண்டியிடம் அந்த மில்லின் மூட்டை இருந்தது. மூட்டையில் மூன்று சேவலுக்குக் கீழே போன் நம்பர். பணம் அனுப்ப அதுவே போதும் என்றார். ஆனிமேரி தன் போனை என்னிடம் கொடுத்து, பணத்தோடு எழுத வேண்டியதைச் சொன்னாள். "ஐயா, வணக்கம். வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்ல. தப்பா எடுத்துக்காம இதையும் வச்சுக்கங்க."

என் கட்டைவிரல் தடிமன். போனில் தமிழ் அடிப்பதற்குள் விடிந்துவிடும். எப்படியும் சாரம் புரிந்தால் போதும் என்று "வெறும் பாத்திரம்" என்கிற இரண்டு சொல்லை மட்டும் அடித்து அனுப்பிவிட்டேன். டிரைவர்களிடம் பேசிப் பேசி எனக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லியே பழக்கம்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய கணக்கு முடங்கியது. முருங்கைக்காய்க்காரருக்கு இருபது ரூபாய் அனுப்பப் போய் முடியவில்லை. பேங்கில் கேட்டால், சைபர் கிரைம் போலீஸ் நிறுத்தி வைத்திருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வருவதற்குள் எஸ்.ஐ. சாருலதா என்று ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். மில் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினார். ஒன்றே கால் கோடிக்கு மேல் தவறிப்போய்த் திரும்பி வந்த அன்றைக்கே முன்பின் தெரியாத ஒருவர் பதினோரு ரூபாய் அனுப்பி 'வெறும் பாத்திரம்' என்று எழுதியிருக்கிறார். மோசடிக்காரர்கள் இப்படித்தான் முதலில் சின்னத் தொகையை அனுப்பிப் பார்ப்பார்களாம். எங்கள் கணக்கை வெறும் பாத்திரமாக ஆக்கிவிடுவோம் என்கிற மிரட்டலாக இது தெரிகிறது. இப்படிக்கு, கணக்காளர் கைலாசநாதன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆனிமேரி அழுதுகொண்டிருந்தாள்.

"போலீஸ் புகார் பாக்கி இருந்தா ரிட்டயர்மென்ட் குடுக்க மாட்டாங்கங்க. கடைசி நாள்ல சஸ்பெண்ட் ஆர்டர்தான் குடுப்பாங்க. ரெண்டு பேருக்கு என் கையாலயே டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு நாள்தான இருக்கு."

பென்ஷன் போனால்கூடப் பரவாயில்லை என்று பார்த்துக்கொள்வேன். குண்டூசியைத் திருப்பிக் கொடுத்தவள் மேடையில் மாலையோடு நிற்க வேண்டிய நாளில் சஸ்பெண்ட் ஆவதா? அதுவும் என் கட்டைவிரலால். எனக்குத் தாங்கவில்லை.

முப்பதாம் தேதி காலையில் ஸ்டேஷனில் இருந்தோம். கைலாசநாதனும் வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு ஃபைல், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. ஆனிமேரி என்னைப் பார்த்தாள். நானே எழுந்து, அவள் சொன்னதும் நான் அடித்ததும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மறுநாள் பள்ளியில் நடக்க இருந்த ஓய்வு விழாவைச் சொன்னேன். ஜானு வீட்டுக் கிண்ணத்தைச் சொன்னேன். இஞ்சி மிட்டாயைச் சொன்னேன். வந்த வேகத்தில் எங்கள் கல்யாணத்துத் தூக்கையும் அதிரசத்தையும்கூடச் சொல்லிவிட்டேன். ஒரு கான்ஸ்டபிள் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சாருலதா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். கைலாசநாதன் பக்கம் திரும்பினார். "சார், ஒங்க வீட்ல பக்கத்து வீட்டுப் பாத்திரத்த எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

கைலாசநாதன் ஃபைலைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"கொஞ்சம் அரிசி போட்டுத்தான் குடுப்பா என் வீட்ல," என்றார் மெதுவாக.

"அப்ப அரிசிய மிரட்டல்னு எடுத்துக்கலாமா?"

கைலாசநாதன் ஃபைலை மூடினார். ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாருலதா அதன் நகலில் முத்திரை குத்தி ஆனிமேரியிடம் நீட்டினார். "மேடம், ஒரு சந்தேகம். பாத்திரத்துல போட்டு அனுப்புறீங்களே, அது சும்மா மரியாதைக்குத்தானா, இல்ல ஏதாச்சும் அர்த்தம் இருக்கா?"

"சிலது மரியாதைக்கு மேடம். சிலதுல அர்த்தமும் இருக்கும்," என்றாள் ஆனிமேரி. முந்தின நாள் அழுததற்குப் பிறகு அப்போதுதான் அவள் வாயைத் திறந்து ஒழுங்காகப் பேசினாள். எனக்கு இருந்த நிம்மதியில் அதன் பொருளெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் பள்ளியில் விழா. தலைமையாசிரியை சிஸ்டர் ஓய்வு ஆணையை வாசித்து, நிலுவையில் எதுவும் இல்லை என்று சொன்னபோது நான் கொஞ்சம் அதிகமாகவே கை தட்டிவிட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நான்காவதாக ஒருவர் மேடை ஏறினார், பார்த்தால் கைலாசநாதன். பின்னாலேயே இரண்டு ஆட்கள் குட்டியானை வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கித் தூக்கி வந்தார்கள்.

"ஆடிட்டர் இந்தப் பதினோரு ரூவாயக் கணக்குல சேக்க முடியாதுன்னுட்டாரும்மா," என்று ஒரு கவரை நீட்டினார். பிறகு மூட்டையைப் பார்த்தார். "வெறுங்கவரா குடுக்க ஒரு மாதிரி இருந்துச்சு. எங்ககிட்ட இருக்கிறது இதான்."

ஐம்பது கிலோ கோழித் தீவனம். விழா போட்டோ எல்லாவற்றிலும் ஆனிமேரிக்கு ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் மூன்று சேவலும் நிற்கிறோம்.

வீட்டுக்கு வந்து மூட்டையைச் சுவரோரமாக வைத்தோம். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. ஆனிமேரி மாலையைக்கூடக் கழற்றாமல் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கத் திருப்பிக் குடுக்கணுமேங்க."

"குடு. அதுல என்ன போடுவ?"

"ஒரு பத்துக் கோழி வாங்குவோம். தீவனம் தீர்றதுக்குள்ள முட்ட வச்சிரும். முட்டையாக் கொண்டுபோய்க் குடுத்திரலாம்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த வேகத்தில் முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "ஏ மேரி, நெசத்தச் சொல்லு. எனக்கும் அப்படித்தான் அதிரசம் வந்துச்சா? தூக்க வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு?"

அவள் மாலையைக் கழற்றி மூட்டைமேல் வைத்தாள்.

"அப்பா வேணாம்னு சொன்னது நெசந்தான். ஒரு கை சர்க்கரையப் போட்டுத் தூக்கக் குடுத்து விடச் சொன்னாரு."

"பெறகு?"

"அதிரசத்துக்குப் பாகு காச்சி மாவ மூணு நாள் ஊற வைக்கணும்ங்க. தூக்குக்காக அவசரத்துக்குப் போட்டு அனுப்புற பண்டமா அது?" உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "டைம் கீப்பருன்னு பேரு. இந்த மூணு நாளக் கணக்குப் பாக்க ஒங்களுக்கு முப்பது வருசமா?"

நான் போனை எடுத்து டோனிக்குப் போட்டேன்.