சாவி, குடை, எலுமிச்சை

எங்க அண்ணன் டாக்டர். மருந்து எழுதிக் கொடுக்கிறதோட நிக்கிற ஆள் இல்லை. மூளை ஏன் சுருங்குது, மறதி நோய் எங்கே ஆரம்பிக்குதுன்னு ஆயுசுபூரா ஆராய்ச்சி. செத்தவங்க மூளையைச் சீவல் சீவலா வெட்டி மைக்ராஸ்கோப்புல பார்ப்பார். எதிர்ல இருக்கிற சாப்பாட்டுத் தட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாது, அண்ணிதான் கையில கொடுக்கணும்.

மறதி இருக்கான்னு பார்க்க மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் வேற எதையாவது பேசிட்டு, திரும்பச் சொல்லச் சொல்வாங்க. அந்த மூணையும் அண்ணன் பொறுக்கி எடுத்ததே வீட்டுச் சமையலறையிலதான். அண்ணி பாத்திரம் கழுவிக்கிட்டே ஒப்பிப்பாங்க: சாவி, குடை, எலுமிச்சை. அவரோட மாணவர்களும் அண்ணிகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் பழகினாங்க.

போன மழைக்காலத்துல அண்ணி எதிர்வீட்டுக் கதவுல தன் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கிட்டு நின்னதை நான் கண்ணால பார்த்தேன். பதறியடிச்சு அண்ணன்கிட்ட சொன்னேன். மனுஷன் அங்கேயே சோதனை வச்சார். அண்ணி கடகடன்னு ஒப்பிச்சாங்க.

"பார்த்தியா? இவ என்னைவிடத் தெளிவு. உன் நாத்தனார் புத்தியை எங்கிட்டயே காட்டாதே"ன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! ரொம்ப நாள் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கலை.

இந்த வருஷம் அண்ணி பஸ் நிலையத்துல வழி தெரியாம உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம்தான் அண்ணனோட பழைய மாணவிகிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்தப் பொண்ணும் இப்போ மூளை டாக்டர்.

"அம்மா, இதை ஞாபகம் வச்சுக்கங்க. தட்டு, நிலா, செருப்பு."

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிட்டு, "இப்போ சொல்லுங்க"ன்னா.

அண்ணி பளிச்சுன்னு சொன்னாங்க: "சாவி, குடை, எலுமிச்சை."

இன்னொரு தடவை வேற மூணு வார்த்தை. அதுக்கும் சாவி, குடை, எலுமிச்சைதான். அந்தப் பொண்ணு அண்ணன் முகத்தைப் பார்க்காம பேனாவை மூடினா.

"போன வருஷம் நான் அந்தப் பழைய மூணையேதான் கேட்டேன்"ன்னார் அண்ணன். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா நோயைக் கொஞ்சமாவது தள்ளிப்போடலாம்னு ஊர் ஊரா மேடை ஏறிப் பேசின வாய் அது. ஒரு வருஷம் போச்சே! நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கணும்னுதான் நான் கூடவே போனேன். தான் பாடம் சொல்லிக் கொடுத்த பொண்ணு முன்னாடி அவர் கூனிக்குறுகி நின்னதைப் பார்த்ததும் எனக்கே உடம்பு கூசிப்போச்சு.

அண்ணி பயந்துட்டாங்க. அவர் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"ஏங்க, தப்பா சொல்லிட்டேனா? நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே"ன்னார் அண்ணன், தரையைப் பார்த்துக்கிட்டே.