சொட்டாத கசிவு

சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது எங்கள் கார் ஊத்துக்கோட்டை சந்தையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். நான் பானெட்டைத் தூக்குவதற்குள் ஆலோசகர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர், டீ கிளாஸும் கையுமாக இரண்டு பேர், கத்தரிக்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர்.

"ரேடியேட்டர் மூடியத் தொற சார். சூடு எறங்கும்" என்றார் ஆட்டோக்காரர்.

"இப்ப தொறந்தா உங்க மூஞ்சிலதான் எறங்கும்."

"அப்ப ஆறினதும் ரெண்டு கை மஞ்சத்தூள் போடு. எந்த ஓட்டையா இருந்தாலும் அடைச்சிக்கும். எங்க மாமா லாரிய அப்டித்தான் ஓட்டிக்கினு கீறாரு."

"ரசம் வைக்கணும்னா கூப்பிடறேன்" என்றேன். டீ கிளாஸ்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழாய் ஒழுகினால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்காமல், உள்ளே எதையாவது கொட்டி அடைக்கலாம் என்று நினைக்கும் நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் ஓய்வு பெறவில்லை.

முன் இருக்கையில் என் மனைவி காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளால் பஸ் படி ஏற முடியாது. காலை மடக்கி அதிக நேரம் உட்காரவும் முடியாது. அதற்காகவே இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கால் வைக்க ஒரு பலகை அடித்துக் கொடுத்திருந்தேன். வாடகைக் காரில் ஒரு முறை போனோம். திரும்பி வந்தபோது கால் வீங்கிவிட்டது. ஆகவே பள்ளிப்பட்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் தன் அக்காவை அவள் பார்க்க வேண்டுமானால் இந்த வண்டி ஓட வேண்டும். வேறு வழி கிடையாது. அக்கா தினமும் போன் செய்து, "இன்னிக்கு வரியா?" என்பாள். இவள் "வரேன்க்கா" என்பாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே கிளம்பியிருந்தோம். அக்காவுக்குப் பிடிக்கும் என்று பழவேற்காட்டு இறாலில் செய்த தொக்கு அவள் மடியில் இருந்தது.

வண்டி ஆறியதும் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பா காலி. தரையில் ஒரு சொட்டு இல்லை. கேனில் வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, வீடு இருக்கும் கும்மிடிப்பூண்டிக்கே மெல்லத் திரும்பினோம். வழியெல்லாம் அவள் தொக்கு டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து, "அடுத்த வாரம் வரேன்க்கா" என்றாள். தொக்கை நான்தான் தின்று தீர்த்தேன். அதன் ருசி என்னை மேலும் எரிச்சல்படுத்தியது.

சிப்காட் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, மேலாகத் துடைத்து, காதைச் சாய்த்து எதையோ கேட்டார். ஜோசியரிடம் வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

"ஹெட் கேஸ்கட் பூட்ச்சி சார். இன்ஜின எறக்கணும். ஒரு மாசம் ஆவும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"தண்ணி கொறையுது. வெளில சொட்டல. அப்ப உள்ளாற எரியுதுன்னுதான சார் அர்த்தம்?"

"எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தீங்களா? எண்ணெய் பால் மாதிரி திரிஞ்சிருக்கா? புகை வெள்ளையா வருதா? டப்பால குமிழி விடுதா?"

"இல்லதான்."

"அப்ப கேஸ்கட் இல்ல. பம்பு வச்சு காத்தழுத்தம் கொடுத்துப் பாருங்க. எங்க கசியுதோ அங்க தானா வெளில வரும். அதுதான் முறை."

"அந்தப் பம்ப ஒருத்தர் வாங்கிக்கினு போனாரு, திருப்பித் தரல. ரிட்டையர் ஆயிட்டீங்கல்ல சார், வுடுங்க. நாங்க பாத்துக்கறோம். ஏன் பேஜார் பண்ணிக்கினு?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம். அதற்குள் அவள் அக்காவிடம் எத்தனை முறை "அடுத்த வாரம்" என்று சொல்வாள்?

அழுத்தம் பார்க்கும் பம்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையின் கருவி அறையில், இடது அலமாரி, கீழ்த் தட்டு. அங்கே வைத்தவனே நான்தான். மறுநாள் காலை போனேன். வாசலில் புதிய காவலாளி. மரியாதையான மனிதர், அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

"டூல் வெளில போவணும்னா டிபார்ட்மென்ட் ஹெட் கையெழுத்து வேணும் சார். அவரு லீவு."

"அந்த விதியை எழுதினதே நான்தான்பா."

"அப்ப உங்களுக்கே தெரியும்ல சார்."

விதியில் ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தேன். அவர் இருக்கையைக் காட்டி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மறுபடியும் பானெட்டைத் தூக்கினேன். மனைவி போர்டிகோவில் நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் காலை வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு குழாயாகப் பிடித்து அழுத்திக்கொண்டே அவளுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தினேன். மெக்கானிக்கின் அறிவு, என் பழைய அலுவலகத்தின் நன்றி, ஊத்துக்கோட்டையின் மஞ்சள்தூள் விஞ்ஞானம் எல்லாம் அதில் வந்தன. அவள் எப்போதும்போல் காதில் வாங்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த எடத்துல யாரு குங்குமம் வச்சது?"

"எந்த எடத்துல?"

"அந்தத் தடிக் குழா போய்ச் சேர்ற எடத்துல. அடில."

"நீதான். ஆயுத பூஜைக்கு."

"நான் ரேடியேட்டர் மேல ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு வச்சேன். அதுவே நின்னாப்பல கை நீட்டி வச்சேன். அவ்ளோ உள்ளாற குனிஞ்சு வைக்க என்னால ஆவுமா?"

ஆகாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூஜை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ரேடியேட்டர் மேல் அவள் வைத்த பொட்டு வெறும் கறையாக மங்கிப்போயிருந்தது. இன்ஜினோடு மேல் குழாய் சேரும் இடத்தில் இருந்த பொட்டு மட்டும் புதுக் குங்குமம்போல, ஓரத்தில் சந்தனம் காய்ந்ததுபோல வெளுத்துப் பளிச்சென்றிருந்தது. நான் அதைப் பலமுறை பார்த்திருந்தேன். மெக்கானிக்கும் பார்த்தார். அவர் துணியை வைத்து அதைச் சுற்றி எல்லா இடத்தையும் துடைத்தார். அதை மட்டும் விட்டுவிட்டார். நானும் தொடவில்லை. பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். தொழிற்சாலையில் நான் பார்த்த லேத்து, கம்ப்ரஸர், கிரேன் எல்லாவற்றிலும் அடுத்த பூஜைவரை பழைய பொட்டு இருக்கும். எண்ணெய்க் கறையைத் துடைப்பவன்கூட அதைச் சுற்றிக்கொண்டு போவான்.

விரலை வைத்து எடுத்தேன். குங்குமம் என்றால் தூளாக உதிர்ந்திருக்கும். இது பிசுபிசுத்தது. முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. என் வண்டியில் ஊற்றும் கூலன்ட் சிவப்பு. வண்டி ஓடும்போது மட்டும் இழை இழையாகக் கசிந்து, சூடான இரும்பில் பட்டு உடனே ஆவியாகி, சிவப்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தரையில் எப்படிச் சொட்டும்?

"ரெண்டு மாசமா சாமின்னு நெனச்சுச் சுத்தி வந்திருக்கோம்" என்றேன்.

"திட்டாதீங்க. அடைக்கிற வழியப் பாருங்க."

ஈரத்துணியால் துடைத்தேன். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. அதன் அடியில் ரப்பர் குழாயின் நுனி மயிரிழைபோல வெடித்திருந்தது. இதற்குத்தான் இன்ஜினை இறக்கச் சொன்னார்கள். கடைத்தெருவுக்கு நடந்துபோய் நல்ல கிளாம்ப் ஒன்று வாங்கி வந்தேன். வெடித்த நுனியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தேன். இரும்பு வாயில் ஏறியிருந்த உப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழாயை மறுபடியும் ஏற்றி முடுக்கினேன். கூலன்ட்டை அளவாகக் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே நின்ற காற்று முழுவதும் வெளியேறும்வரை காத்திருந்தேன். மூடிவிட்டு, முள் நடுவில் நிற்கும்வரை ஓட்டினேன். ஆறிய பிறகு அந்த இடத்தை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றினேன். காகிதம் வெள்ளையாகவே வந்தது.

கிளம்பும் நாளில் மெக்கானிக்கின் ஷெட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, கசிவு எங்கே இருந்தது என்று சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூஜைப் பொட்டுன்னு நெனச்சிட்டேன் சார். அதப் போய் எப்டித் தொடைக்கிறது? நீங்களும்தான பாத்தீங்க?"

அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால் ஊத்துக்கோட்டை வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சந்தையைத் தாண்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். மனைவியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் செய்த தொக்கு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முள் நடுவிலேயே நின்றது.

பள்ளிப்பட்டில் வண்டியை நிறுத்துவதற்குள் அக்காவின் மருமகள் தட்டில் சந்தனம், குங்குமத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"அம்மாந்தூரம் வந்த வண்டி சித்தப்பா. கண்ணு படும். பானெட்டத் தொறங்க, உள்ளாற ஒரு பொட்டு வச்சிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி இருக்கையிலிருந்து சொன்னாள்: "செவப்பு வேணாம்டி. சந்தனம் மட்டும் வை. இனிமே அதுக்குள்ள செவப்பா எது தெரிஞ்சாலும் ஒழுகல்தான்னு தெரியணும்."

இதைவிடச் சிறந்த ஆய்வு முறையை என் வேலைக்காலம் முழுக்க நான் எழுதியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல உள்ளே போனாள். நான் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "வாடி. வண்டி ஓடி வந்துச்சா, இல்ல உம் புருசன் தள்ளிக்கினு வந்தாரா?"

இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொக்கு டப்பாவின் மூடியைத் திறக்கும் ஓசை வந்தது. குழாய் சேரும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.