கணவாய் மையும் பயாஸ்கோப் சுறாவும்

என் வீட்டுக்காரர் பினாங்குத் துறைமுகத்தில் சோறு விற்றவர்; அங்கே எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன். தோளில் கம்பு, கம்பின் இரு முனையிலும் கூடை, கூடைக்குள் சோறும் குழம்புச் சட்டிகளும். ஆக்கிக் கொடுப்பது நான். மீனும் கோழியும் மாமியார் சொல்லிக் கொடுத்த பக்குவம். கணவாய்க் குழம்பு மட்டும் என் சொந்தக் கை. மைப்பையை உடையாமல் எடுத்து வைத்து, மசாலா வதங்கியதும் குழம்பில் பிழிந்துவிடுவேன். கன்னங்கரேலென்று இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கி, விரலை நக்கிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

அதைக் கெடுத்தது ஒரு கார்ட்டூன். பேசும் படம் வந்த புதிது. பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பொம்மைப் படம் காட்டினார்கள். அதில் தொப்பி போட்ட எட்டுக்கால் பேய்க்கணவாய் ஒன்று வாயிலிருந்து கறுப்பாகப் பீய்ச்ச, துரத்தி வந்த சுறா மல்லாந்துவிட்டதாம். துறைமுகமே போய்ப் பார்த்தது. மறுநாள் என் சட்டி போனபடியே திரும்பி வந்தது.

"'நானா, அந்தக் கறுப்பு விஷம்லா, வேணாம், மீன் போடு'ங்கிறானுங்க" என்றார் வீட்டுக்காரர். "இந்த வாரம் முழுக்க இப்படியே வந்தா நிறுத்திடலாம் புள்ளே."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வந்த கோபத்தில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நானும் அந்தப் படத்துக்குப் போனேன். வரைந்தவன் ஒருநாளும் கணவாயை அறுத்துப் பார்த்ததில்லை என்பது பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மை வாயிலிருந்து வராது. தலைக்குக் கீழே சின்னக் குழல் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் வரும். தண்ணீரைக் கலக்கி, எதிரியின் கண்ணை மறைத்துவிட்டுத் தப்பி ஓடத்தான் அந்த மை, கொல்ல அல்ல. பேய்க்கணவாய்க்குக் கால் எட்டு, என் சட்டிக்குள் போகிறதற்குப் பத்து. மீன் பாசாரில் உயிரோடு வரும் கணவாய் மீன்காரர் முகத்திலேயே பீய்ச்சும். அவர் துடைத்துக்கொண்டு நிறுத்துப் போடுவார். இத்தனைக்கும் படத்தில் செத்த சுறா கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடியும் துரத்தியது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் அதை யார் கவனித்தார்கள்!

வழியெல்லாம் இதை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் துறைமுகத்தில் எனக்காகத் தொண்டை கிழிய வாதாடினார். "என் பொண்டாட்டி தினம் திங்கிறா, கல்லு மாதிரி இருக்காள்லா" என்றாராம். ஒருவர் இருவராகக் கறுப்புக் குழம்பு கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவருக்குச் சோறு வைத்தேன். கணவாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"நீங்க சாப்பிடலையா?"

"நான் கொஞ்ச நாளா சாப்பிடுறதில்ல" என்றார், தலை நிமிராமல். "ரெண்டு பேரும் திங்க வேணாம்னு பாத்தேன். ஏதாச்சும் ஆயிட்டா புள்ளைங்கள யாரு பாக்குறது?"

"அப்ப நான் திங்கலாம்?"

அவர் சட்டென்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். கேட்ட பிறகு மெல்லுவது யாருக்கு வேண்டும்? ஊர் என் குழம்பை ஒதுக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் ஒதுக்கியபோது அழுகை வந்தது.

மறுநாள் துறைமுகத்தில் நிறையப் பேர் கறுப்புக் குழம்பு கேட்டார்களாம். நான் ஆக்கிக் கொடுக்கவில்லை.