இரண்டாவது துள்ளல்

அந்தக் கட்டடத்துக்கு உடம்பெல்லாம் காது. தூணிலும் தளத்திலும் அதிர்வை அளக்கும் சென்சார். மாடியில் யாராவது நடந்தாலே கீழே வகுப்புத் திரையில் கோடு நெளியும். பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டடம்தான் பாடப்புத்தகம். பாடம் சூடுபிடிக்க, ஆய்வக உதவியாளர் மாடியில் ஏறித் தொம்மென்று குதிக்க வேண்டும். அதனால் அவருக்குப் பெயரே பூகம்பம். மனுஷனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

போன வருடம் ஒருநாள் அவருக்கு முட்டி வலி. கூட்டிப் பெருக்கும் அக்காவிடம், "எனக்காக ஒரே ஒரு குதி குதிச்சிடுங்கக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கீழே கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் கோடு துள்ளியது. உடனே இன்னொரு துள்ளல், முன்னதைவிடப் பெரிதாக. "பூகம்பத்தையே அக்கா தூக்கிச் சாப்பிட்டாங்க" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒன்றுதானே சொன்னோம் என்று அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து ஓட வேண்டாமா? கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சிரித்தார். வகுப்பு முடிந்து மேலே போனபோது அக்கா இடுப்பெலும்பு முறிந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தார்.

"ஈரத்தரையில வழுக்கிட்டேன்" என்று அலுவலகத்தில் சொல்லிப் பூகம்பத்தின் வேலையைக் காப்பாற்றியதும் அக்காதான். பார்க்கிறவர்களிடமெல்லாம், "பாவம், தம்பிக்கு என்ன தெரியும்? தெரிஞ்சா ஓடி வந்திருப்பாரு" என்பார். அதைக் கேட்ட நாளெல்லாம் பூகம்பத்துக்குச் சோறு இறங்காது.

இப்போது அக்காவுக்கு ஊன்றுகோலோடு வகுப்பு வாசலில் சாவி கொடுத்து வாங்கும் வேலை. இந்த வருடம் புதிதாக வந்த பேராசிரியை, பழைய பதிவுகளில் தேடி அந்தக் கோட்டையே திரையில் போட்டார்.

"எவ்வளவு சுத்தமான பதிவு பாருங்க. ரெண்டாவது ஏன் பெருசா இருக்கு?"

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ரெண்டு பேர் குதித்திருப்பார்கள் என்றாள் ஒருத்தி. பூகம்பத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அது குதிச்சது இல்லைங்க மேடம். அக்கா விழுந்தது. நான்தான் குதிக்கச் சொன்னேன். பார்த்துட்டும் சும்மா உக்காந்திருந்தேன்."

வாசலில் இருந்த அக்கா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். திரையில் அந்தப் பெரிய மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நல்லாவா தெரிஞ்சுது?"

பூகம்பம் ஆமென்று தலையாட்டினார்.

"கத்தினது கீழ கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா. பிறகு திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் பூகம்பம் சாவியை நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை.

"மேசையில வெச்சிட்டுப் போங்க, சார்."