சகலை கொண்டுவந்த அரிசி

என் மனைவியின் அக்காள் வீடு கொள்ளிடத்துக்கு வடக்கே. மழையை நம்பிய மேட்டுக்காடு. சோளமும் கம்பும்தான் விளையும். எனக்கோ ஸ்ரீரங்கத்தில் ஆற்று வாய்க்கால் பாயும் நன்செய் கொஞ்சம் இருந்தது. வருஷா வருஷம் தை அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்மேல் ஏற்றி, சகலை வீட்டில் கொண்டுபோய் இறக்குவேன். "தம்பி புண்ணியத்துல நெல்லுச்சோறு" என்பார். அதைக் கேட்கத்தான் போனேன் என்று இப்போது சொல்லிவிடலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் பக்கம் புது வாய்க்கால் வெட்டினார்கள். மேட்டூர் அணையில் தேக்கிய தண்ணீர் இனி அங்கேயும் போகும் என்றார்கள். வெள்ளக் காலத்தில் வீணாகக் கடலுக்குப் போவதைத்தானே கொடுக்கிறார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் என் மடையிலிருந்து மொண்டு கொடுத்தது போல் இருந்தது. என் வயலில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

தண்ணீர் வந்த மறு தையில், சகலை மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷம் உங்க சோறு தின்னோம். இந்த வருஷம் எங்க சோறு தின்னு பாருங்க தம்பி!"

மனைவிக்கு வாயெல்லாம் பல். உடனே உலை வைத்தாள். "என்னங்க, வாசனை தெரு வரைக்கும் வருது. நம்ம அரிசி என்னிக்காச்சும் இப்படி மணந்திருக்கா?"

இலை போட்டாள்.

"எனக்கு வேண்டாம். இன்னிக்கு ஏகாதசி" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"ஏகாதசி நாளைக்குத்தாங்க! இன்னிக்குத் தசமி. காலையில நீங்கதானே சொன்னீங்க?"

சகலை சிரித்துவிட்டார். "பெருமாள் ஊருல ஒரு நாள் முன்னாடியே வந்துடுமோ? உக்காருங்க தம்பி, எங்க சோறு ஒண்ணும் கடிக்காது."

உட்கார்ந்தேன். பெருமாள் விரதத்தை வைத்துப் பொய் சொன்ன வாய்க்கு அந்தச் சோறு ருசித்தது, அதுதான் தாங்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போனோம். சன்னிதியில் அவர் வாய்விட்டே வேண்டினார். "மேட்டூரு நெறையணும் சாமி. தம்பி வயலும் எங்க காடும் வெளையணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். மேட்டூர் நிறையவும் கேட்டேன். அவர் காட்டைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. 'உன் இஷ்டம்' என்று விட்டுவிட்டு, தீர்த்தத்துக்கு அவரை முந்திக்கொண்டு கையை நீட்டினேன்.